முயலின் காது எட்டும்வரை

மார்ச் 3

அம்மாடி,

அன்றைக்குப் போனை நீ வைத்தாயா, லைன் அறுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. நீதான் வைத்தாய் என்று மாடி வீட்டு அம்மா அடித்துச் சொல்கிறார். இந்தப் போனே சரியில்லை, ஒரே கரகரப்பு. நீ ஒன்று சொல்ல, நான் ஒன்று கத்த, அக்கம்பக்கத்தவர்கள் எட்டிப் பார்த்ததுதான் மிச்சம். அதனால்தான் கடிதம். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். மாடி வீட்டு அம்மா டைப் அடிக்கிறார். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர், சாட்சி சொல்வதை ஒரு சொல் விடாமல் அடித்துப் பழகிய கை. நான் இருமினால் அதையும் அடித்துவிடுவார் போலிருக்கிறது. அம்மா, இதை அடிக்காதீங்க. அடித்துவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். லீவுக்கு நீங்கள் மூன்று பேரும் வருவது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தேவையில்லை. வாண்டைத் துணியில் சுற்றி மடியில் வைத்தபோது பார்த்தவன் நான். அவன் நடந்து நான் பார்த்ததில்லை. ஆனால் வந்த கையோடு அவனைத் தீம் பார்க்குக்குத் தூக்கிக்கொண்டு போவது எனக்கு ஒப்பவில்லை. இன்னும் இரண்டரை வயதுகூட முடியாத பிள்ளை.

நான் சும்மா சொல்லவில்லை. அந்தப் பார்க்கில் பாம்பு ரயில் வாசலில் நின்றே தலை நரைத்தவன். மரத்தில் வெட்டிய முயல் ஒன்று என் பக்கத்தில் நிற்கும். அதன் காது நுனிக்குத் தலை எட்டினால் உள்ளே, எட்டாவிட்டால் வெளியே. படிக்கத் தெரியாதவனுக்கு அதைவிட நல்ல வேலை எங்கே கிடைக்கும்? சின்னக் குழந்தையோடு வருகிறவர்களைக் காலையில் பார்க்க வேண்டும், ஊரையே விலைக்கு வாங்க வந்தவர்கள் மாதிரி நுழைவார்கள். மதியம் அதே ஆட்களைப் பார்க்க வேண்டும். புருஷன் ஒரு பெஞ்சில், பெண்டாட்டி ஒரு பெஞ்சில், பிள்ளை யார் தோளிலோ வாயைப் பிளந்து தூங்கும். மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் தூங்குகிற மகன் முகத்தில் தண்ணீர் தெளித்து, "எந்திரிடா, யானை பாருடா, யானை" என்று உலுக்கினார். பிள்ளை கண்ணைத் திறந்தது. யானை வேஷம் போட்ட ஆள் அந்த நேரம் பார்த்துத் தலையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பிள்ளை போட்ட கூச்சல், வாசலைத் தாண்டிப் போன பிறகும் எனக்குக் கேட்டது.

அந்த வயதில் பார்த்தது எதுவும் தங்காது. யார் எந்தச் சட்டை போட்டு வந்தான் என்பதுவரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் என் இரண்டு வயதைக் கேட்டால் நானும் வெறும் சுவர்தான். முயலின் காது எட்டட்டும், அப்புறம் கூட்டி வா. இந்தத் தடவை வீட்டிலேயே இருப்போம். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு டம்ளரும் கொடுத்தால் போதும், அந்த வயசுக்கு அதுதான் தீம் பார்க்.

அப்பா சொன்னது. மாடி வீட்டில் அடித்தது.

*

மார்ச் 15

அப்பா,

கடிதம் கிடைத்தது, இருமல் உட்பட.

போனை வைத்தது நான்தான். மூன்று தடவை ஒரே விஷயத்தைக் கேட்டேன். பதில் சொல்லாமல் உங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனீர்கள். என் பேச்சு உங்களுக்கு ஒரு பொருட்டாக இல்லை என்று தோன்றியது. வைத்துவிட்டேன்.

கேட்டது இதுதான். அவரவருக்குப் பிறந்த வீடு பெரிது. இவருக்குக் கிடைத்திருப்பது பத்து நாள் லீவு. இவருடைய அப்பா அம்மா அங்கே வரச் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் போக நாள் பற்றாது. பார்க்கைச் சொல்லித்தான் நம் வீட்டுக்கு வர இவரைச் சம்மதிக்க வைத்தேன். "உங்க அப்பா வேலை பார்த்த இடத்தை நானும் பார்க்கணும்" என்று இவரும் ஆசையாகச் சொன்னார். அதனால் நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம் ஆவது பார்க் மட்டுமில்லை. இதைத்தான் போனில் மூன்று தடவை சொன்னேன்.

வாண்டைப் பாம்பு ரயிலில் ஏற்ற யார் கேட்டது? வாத்துக் குளத்தைக் காட்டலாம். புல்லில் உருளட்டும். தூக்கம் வந்தால் தூங்கட்டும். நீங்கள் நின்ற இடத்தில் உங்களோடு அவன் நிற்க வேண்டும், எனக்கு அவ்வளவுதான். தாத்தா முயல் பக்கத்தில் நின்று யாரை உள்ளே விடலாம், யாரை விடக் கூடாது என்று சொல்வார் என்று அவனிடம் சொல்லி வைத்தது தப்பாகப் போயிற்று. செருப்பு அலமாரி பக்கத்தில் நின்றுகொண்டு வருகிறவர்களை எல்லாம் "வெளிய போ" என்கிறான். இவருடைய மேலதிகாரியையும் சொன்னான்.

ஞாபகம் எதுவும் தங்காது என்கிறீர்கள். எனக்குத் தங்கியிருக்கிறது. ஊழியர்களின் குடும்பங்களை உள்ளே விட்ட நாள். நான் ஷூவுக்குள் அட்டை மடித்து வைத்துக்கொண்டு வரிசையில் வந்தேன். "ஷூவைக் கழட்டு" என்றீர்கள். எல்லோரும் பார்க்கத்தான் கழற்றினேன். அட்டை கீழே விழுந்தது. வரிசையே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். திருப்பி அனுப்பியதற்காக நான் கோபப்படவில்லை, அது உங்கள் வேலை. சிரித்தீர்களே.

இப்போது என் மகனையும் அங்கிருந்தே அளக்கிறீர்கள்.

பதில் சீக்கிரம் போடுங்கள். டிக்கெட் எடுக்க வேண்டும்.

*

மார்ச் 24

அம்மாடி,

உன் கடிதத்தை மாடி வீட்டு அம்மா நின்றுகொண்டே படித்தார். படித்து முடித்துப் பார்த்தால் மாடிப்படியில் நாலு பேர் நிற்கிறார்கள். உன் அட்டை விஷயம் இப்போது இந்தக் கட்டடம் முழுக்கத் தெரியும். நான் என்ன செய்ய, அவர் குரல் அப்படி.

அந்த நாள் உன்னைவிட எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது வெறும் அட்டை இல்லை, பிஸ்கட் டப்பாவைக் கிழித்தது, ஓரத்தில் சிவப்புப் பூ. ஷூ உன்னுடையது இல்லை, உன் பெரியம்மா மகளுடையது. நீ வரிசையில் வாத்து மாதிரி சாய்ந்து சாய்ந்து வரும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ரயிலில் தோளுக்குக் குறுக்கே ஒரு பட்டை விழும். எட்டாத பிள்ளைக்கு அது கழுத்தில் விழும். அன்றைக்கு விடவில்லை. இன்றைக்கு நீ அதே உயரத்தில் வந்து நின்றாலும் விடமாட்டேன்.

சிரித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஏன் சிரித்தேன் என்று நீ கேட்கவே இல்லை. பக்கத்தில் நின்ற மெக்கானிக், "யாரு பொண்ணுப்பா இது, நம்ம எல்லாரையும் வித்துடும் போல" என்றான். "என் பொண்ணுதான், வேற யாருக்கு இந்த மூளை வரும்" என்றேன். அதற்குத்தான் சிரித்தேன். அன்றைக்கு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி அலைந்தேன். நீ இத்தனை வருஷமாக வேறு மாதிரி வைத்திருக்கிறாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

பார்க் விஷயத்தில் என் பேச்சில் மாற்றமில்லை. பிள்ளைக்கு வயது பற்றாது. நான் வரமாட்டேன். நான் இல்லாமல் நீங்கள் போவதும் எனக்குப் பிடிக்காது. லீவுக்கு வருகிறவர்கள் பார்க்குக்காகத்தான் வர வேண்டுமா? வீடு இருக்கிறது, நான் இருக்கிறேன். அது போதாது என்றால் மாப்பிள்ளை வீட்டுக்கே போங்கள், அவர்களும் பெரியவர்கள்தானே. நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

எனக்கு வேறு ஒரு காரணமும் இருக்கிறது. அது என்னவென்றால்

(இந்த இடத்தில் நிறுத்திவிட்டார். — மாடி வீடு)

ஒன்றுமில்லை. அவ்வளவுதான். என்ன கேட்டீங்க? இல்லம்மா, முடிச்சாச்சு, கவர்ல போடுங்க.

*

ஏப்ரல் 6

அப்பா,

சரி. நாங்கள் வரவில்லை.

இவருடைய ஊருக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. உங்கள் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டவில்லை. அப்பாவுக்கு உடம்பு அலைச்சல் தாங்காது என்று மட்டும் சொன்னேன். பொய்தான். வேறு எப்படிச் சொல்வது?

மெக்கானிக்கிடம் சொன்னதை என்னிடம் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வந்து முகம் கழுவிவிட்டுச் சாப்பிட்டீர்கள். அம்மாதான், "அவளைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்றாள். நீங்கள், "அவளாவே சரியாயிடுவா" என்றீர்கள்.

வாண்டு நன்றாக இருக்கிறான்.

*

மே 28

அப்பா,

என் கடைசிக் கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. நானும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இவருடைய ஊரிலும் ஒரு பார்க் இருக்கிறது. போனோம். நீங்கள் சொன்னது அத்தனையும் அப்படியே நடந்தது, சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள். கரடி வேஷக்காரனைப் பார்த்து வாண்டு என் தலைமுடியைப் பிடுங்கிவிட்டான். தண்ணீர்ச் சறுக்கு பக்கத்தில் போனதும் காதைப் பொத்திக்கொண்டு அழுதான். சாப்பாட்டு வேளைக்கு முன்பே தூங்கிவிட்டான். தூக்கிக்கொண்டு அலைவது யார் என்பதில் இவருக்கும் எனக்கும் சண்டை. மாமியார் பைகளுக்குக் காவலாக ஒரு மரத்தடியில் உட்கார்ந்தவர், சாயங்காலம்வரை அந்த மரத்தை மட்டும்தான் பார்த்தார். நீங்கள் சொன்ன அதே இரண்டு பெஞ்சுகள். நாங்களும் ஆளுக்கொன்றாக உட்கார்ந்தோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறேன் என்று இவர் கேட்டார். வாண்டை இவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

தூங்கி எழுந்த பிறகுதான் அது நடந்தது. அங்கே முயல் இல்லை, ஒட்டகச்சிவிங்கி. அதைப் பார்த்ததும் வாண்டு என் பிடியிலிருந்து இறங்கி ஓடினான். அதன் பக்கத்தில் விறைப்பாக நின்று, வரிசையில் வந்த ஒரு பெரிய பையனைப் பார்த்து, "வெளிய போ" என்றான். வரிசையே சிரித்தது. அங்கே அளக்கிற ஆள் குனிந்து தன் தொப்பியைக் கழற்றி வாண்டின் தலையில் வைத்தான். வாண்டு அவனையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தாத்தா?" என்றான்.

அந்த ஆளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "இல்லடா தங்கம், அண்ணன்" என்றான். வாண்டு நம்பவில்லை. கிளம்புகிறவரை அந்தப் பக்கமே திரும்பிப் பார்த்தான். அன்றைக்கு எடுத்த படத்தை இதோடு வைத்திருக்கிறேன். தொப்பி கண்ணை மறைத்திருப்பதால் முகம் தெரியாது.

இதை உங்களுக்கு எழுதலாமா கூடாதா என்று நிறைய யோசித்தேன். நோகடிக்க எழுதவில்லை.

*

ஜூன் 11

அம்மாடி,

படம் வந்தது. முகம் தெரியாவிட்டால் என்ன, நிற்கிற தோரணை தெரிகிறது. ஒரு காலைச் சற்று முன்னால் வைத்து நிற்கிறான் பார், நானும் அப்படித்தான் நிற்பேன். யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை அது.

அன்றைக்குப் பாதியில் நிறுத்தியதை இப்போது சொல்கிறேன். மாடி வீட்டு அம்மா, நான் என்ன சொன்னாலும் அடிங்க, வேண்டாம் என்று சொன்னாலும் அடிங்க.

நீ போன் பண்ணியதற்கு முந்தின வாரம். சாமான் வாங்க மார்க்கெட்டுக்குப் போனேன். சோப்புக் கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்த்து என்னமோ சொன்னார். நான் அதைக் கவனிக்காமல் விலையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது சட்டையை யாரோ பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் ஒரு சின்னப் பெண் குழந்தை. முகமெல்லாம் சளியும் கண்ணீரும். கத்திக் கத்தித் தொண்டை நரம்பு புடைத்திருக்கிறது. "எவ்ளோ நேரமா உங்க பின்னாடி நின்னு அழுவுது, நீங்க பாட்டுக்கு நிக்கிறீங்களே, மனுஷனா நீங்க" என்று ஒரு பெண்மணி என்னைத் திட்டினார். அதையும் அவர் வாயசைவைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொண்டேன். அப்புறம் அதன் அம்மா ஓடி வந்து தூக்கிக்கொண்டு போனாள்.

உனக்குத் தெரியும், பார்க்கில் பிள்ளை தொலைந்தால் முதலில் தெரிவது எனக்குத்தான். பசி அழுகை ஒரு மாதிரி இருக்கும். பயந்த அழுகை வேறு. தொலைந்த பிள்ளை இழுத்து அழும், நடுவில் நிறுத்தி யாராவது கூப்பிடுகிறார்களா என்று கேட்கும், மறுபடி இழுக்கும். அத்தனை இரைச்சலிலும், ரயில் தலைக்கு மேல் தடதடக்கும்போதும் அதைப் பிரித்துவிடுவேன். மேனேஜர் எனக்குக் கைகொடுத்ததெல்லாம் உண்டு. அப்படிப்பட்டவன் முதுகுக்குப் பின்னால் ஒரு பிள்ளை நின்று அழுதிருக்கிறது, எனக்கு எதுவும் கேட்கவில்லை.

போன் நன்றாகத்தான் இருக்கிறது. என் காதுதான் போய்விட்டது. நீ மூன்று தடவை சொன்னதில் ஒன்றுகூட என் காதில் விழவில்லை. விழுந்த மாதிரி பேசினேன்.

பார்க்குக்குப் போனால் ஒரு நிமிஷம் என்னிடம் விட்டுவிட்டு நீங்கள் இரண்டு பேரும் எங்காவது போவீர்கள். அப்பாவைவிட அந்த இடம் யாருக்குத் தெரியும் என்று விடத்தான் செய்வாய். கூட்டத்தில் அவன் நழுவி, நாலு ஆள் தள்ளி நின்று தாத்தா என்று கத்தினால், நான் வாத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வயது பற்றாது என்று அந்தப் பிள்ளைமேல் போட்டேன். நீங்கள் வராமலே போய்விடுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. கோபித்துக்கொண்டாவது வருவாய் என்று இருந்தேன்.

காதுக்கு மிஷின் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். வைத்துக்கொள்கிறேன். வருஷக் கடைசியில் லீவு கிடைத்தால் வாருங்கள். பார்க்குக்கும் போவோம். மழையாக இருந்தாலும் போவோம்.

(இதற்கு மேல் சொன்னதை நான் அடிக்கவில்லை. என் தொழிலில் இது முதல் தடவை. — மா.வீ.)

*

ஜூலை 2

அப்பா,

ஒரு வரி சொல்லியிருந்தால் போதுமே. நான் அவனை விட்டு நகர்ந்திருக்க மாட்டேன். உங்களை விட்டும் நகர்ந்திருக்க மாட்டேன். பத்து நாளும் வாத்துக் குளத்தின் கரையிலேயே உட்கார்ந்திருப்போம்.

உங்களை மட்டும் சொல்லவில்லை. நான் கேட்டதற்கு ஒன்று, நீங்கள் சொன்னது ஒன்று. மூன்று தடவையும் அப்படித்தான். வேறு யாராவது அப்படிப் பேசியிருந்தால் காது கேட்கவில்லை போல என்று முதல் தடவையே தோன்றியிருக்கும். நீங்கள் பேசியதால் பிடிவாதம் என்று நினைத்தேன். பிஸ்கட் டப்பா அட்டையிலிருந்து எனக்கு அப்படி நினைத்தே பழகிவிட்டது.

வருஷக் கடைசியில் முடியாது அப்பா. இவருக்கு வேலை மாறிவிட்டது, புது இடத்தில் முழுதாக இரண்டு வருஷம் முடிந்தால்தான் நீண்ட லீவு. என் லீவும் தீர்ந்துவிட்டது. தனியாகவாவது வரலாமா என்று எல்லா வழியும் பார்த்தேன். இல்லை.

நாங்கள் அடுத்து வரும்போது அவனுக்கு ஐந்து வயது நெருங்கும். முயலின் காது எட்டிவிடும். நீங்கள் கேட்டதும் அதுதானே. இதைக் குத்தலாக எழுதவில்லை. எழுதிவிட்டுப் படித்தால் குத்தலாகத்தான் இருக்கிறது. கிழித்துவிட்டு வேறு எழுதவும் தோன்றவில்லை.

மிஷின் வைத்தாயிற்றா? வைத்ததும் சொல்லுங்கள், போன் பண்ணுகிறேன். வாண்டு இப்போது நிறையப் பேசுகிறான்.

*

ஜூலை 20

அம்மாடி,

மிஷின் வைத்தாயிற்று. தட்டு விழுந்தால் இடி விழுகிறது. மாடி வீட்டு அம்மா இவ்வளவு நாளும் என்னிடம் கத்தியது எனக்காகத்தான் என்று இப்போது தெரிகிறது. சாதாரணமாகப் பேசினால் மெல்லிய குரல் அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. இனி கடிதம் வேண்டாம் என்று சொல்லவில்லை, இவர் கை சும்மா இருக்காது.

குத்தல் என்று நீ நினைக்காதே. உள்ளதைத்தான் எழுதியிருக்கிறாய். நான் கேட்டபடியே நடந்திருக்கிறது.

அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். காது எட்டிய பிள்ளைகளை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வாசலுக்கு எப்படி வருவார்கள் தெரியுமா? தூரத்தில் முயலைப் பார்த்ததுமே கூட வருகிறவர் கையை உதறிவிட்டு ஓடி வருவார்கள். எட்டாத பிள்ளைகள்தான் பெரியவர்களின் ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். முழுக் கை அதற்குப் பெரிது, ஒரு விரல்தான் பிடிக்க வரும். திருப்பி அனுப்பும்போதும் அந்த விரலை விடாமல் திரும்பிப் போகும். வேலை முடிகிறவரை தினமும் இதைப் பார்த்தேன். பார்த்ததில் இது மட்டும்தான் சமயத்துக்கு ஞாபகம் வரவில்லை.

போகட்டும். வாண்டு வந்து கையை உதறிவிட்டு ஓடினால் பிடித்து நிறுத்தாதே. தாத்தா மெதுவாகப் பின்னால் வருவார், திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்று மட்டும் அவனிடம் சொல்லி வை.

அப்பா